ஒரு முழம் உயரமான கதவு

கதவு வாசலைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது.

"அறுத்துட்டா முடிஞ்சுது சார்" என்று ரம்பத்தை எடுத்தார் கொத்தனார்.

இன்ஜினியர் ஓடி வந்து ரம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பழைய பொருளைச் சிதைக்காமல் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். இடித்த கட்டடங்களின் மரம் விற்கும் கிடங்கில், கதவுகளுக்கு நடுவே சாய்ந்திருந்த இந்தத் தேக்கை அவரே பார்த்துப் பிடித்து வந்திருந்தார். நாளைக் காலை ஒரு பள்ளியின் தலைமையாசிரியை அவர் வீட்டைப் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால், பழைய பொருள்களைக் கொண்டே பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டும் வேலை அவருக்குத்தான்.

"கதவுல கை வைக்காதீங்க. வாசலை உயர்த்துங்க."

வாசலை உயர்த்தப் பரண் குறுக்கே நின்றது. பரணை இடித்தார்கள். அதிலிருந்த அண்டா குண்டானெல்லாம் கட்டிலுக்கு வந்தன.

"நாம எங்கங்க படுக்கிறது?" என்றாள் மனைவி.

"கட்டிலுக்கு அடியில."

"பரண் கல்லைத் தூக்கிப் போட்டுடலாமா சார்?"

"எதையும் வீணாக்கக் கூடாது! வாசப்படியாப் போடுங்க."

போட்டார்கள். படி உயர்ந்தது, கதவு மறுபடியும் இடித்தது. வாசலை இன்னும் உயர்த்தினார்கள். உயரம் சரியானபோது அகலம் போதவில்லை. சமையலறைச் சுவரில் பாதி போயிற்று.

தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்து, "அடுப்புல ஏதோ தீயுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தக் கதவு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி.

"நாளைக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் இருங்களேன்" என்று கெஞ்சினார் இன்ஜினியர்.

சாயங்காலம் கதவு நின்றது. திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆனால் நின்றது!

மறுநாள் வந்த தலைமையாசிரியை, உள்ளே போகாமல் கதவையே தடவிக்கொண்டிருந்தார். "பழைய கதவுன்னீங்க. முன்னாடி கீல் போட்ட தடமே இல்லையே?"

"அந்தக் காலத்து வேலைப்பாடு மேடம்! தடம் தெரியாமச் செஞ்சிருக்காங்க."

"அற்புதம். எங்க கட்டடத்தை நீங்களே கட்டிக் குடுங்க" என்று அவர் பேனாவை எடுத்தார்.

இன்ஜினியர் மனைவியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். அவள்கூட லேசாகச் சிரித்தாள்.

அப்போது கிடங்கு வண்டி வந்து நின்றது. டிரைவர் கடைந்தெடுத்த நான்கு கட்டைகளைத் தோளில் சுமந்து வந்து படியில் இறக்கினார்.

"என்ன சார் நீங்க, மேஜையை எடுத்துக்கிட்டு நாலு காலையும் விட்டுட்டு வந்துட்டீங்களே!"