முற்றும் அங்கிள் மூடப்போன கேஸ்

எதையுமே முடிக்கத் தெரியாத ஒரு மனிதரைக் கூப்பிட்டு, முடிப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கச் சொன்ன பெருமை, நியூஜெர்சியில் எங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. விருந்துக்கு வந்தால் "சரி, கெளம்புறேன்" என்று எழுந்து, செருப்பு மாட்டும் இடத்தில் அரை மணி பேசுவார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு அரை மணி. அதில் பேட்டரி தீர்ந்துபோய், மறுபடி உள்ளே வந்து காபி குடித்த கதையெல்லாம் உண்டு. தூத்துக்குடிக்காரர். அலுவலகத்தில் அவரைத் தவிர இருந்த ஒரே தமிழ் ஆள் நான்தான் என்பதால், 'முற்றும் அங்கிள்' என்று பெயர் வைத்த பாவமும் என்னுடையதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போன அப்பாக்களைத் தேடிப் பிடித்து, பிள்ளையின் செலவுக்குச் சம்பளத்தில் கைவைக்கும் அரசு அலுவலகம் எங்களுடையது. கோப்புகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. தேறாத கேஸ்களை மூடித் தொலையுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. மூடிவிட்டால் அப்புறம் அந்த அப்பனை யாரும் தேட மாட்டார்கள், பிள்ளை பாடு அவ்வளவுதான். தப்பாக மூடிவிடக் கூடாதே என்றுதான் பயிற்சி. பயிற்சியாளர், நம் அங்கிள்.

முதல் நாளே பிரெண்டா மாட்டிக்கொண்டாள். எங்கள் அலுவலகத்தின் பழம் புலி அவள். காலையில் நாலு கேஸை மூடாமல் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மாட்டாள். ஒரு கோப்பில் 'தந்தை இறந்துவிட்டார்' என்று எழுதி வைத்திருந்தாள்.

"யார் சொன்னது?" என்று அங்கிள் இங்கிலீஷில் கேட்டார்.

"அவர் தம்பி. போனில்."

"தம்பி அழுதாரா?"

"இல்லை. பின்னால் டிவியில் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது."

"மறுபடி கூப்பிடு."

கூப்பிட்டாள். செத்தவரே எடுத்தார். 'நான்தான் பேசுகிறேன், என்ன விஷயம்?' என்று மரியாதையாக விசாரித்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. இறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் எவனையும் சாகடிக்காதே என்று பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார்.

மறுநாள், ஒழுங்காக மூடுவது எப்படி என்று தானே செய்து காட்டுகிறேன் என்றார். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண்ணின் கேஸ். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அபார்ட்மெண்ட், நாலு வயது மகள், காணாமல் போன கணவன். மனு கொடுத்ததோடு சரி, அலுவலகத்திலிருந்து போன எந்தக் கடிதத்துக்கும் அவள் பதில் போடவில்லை.

"பதில் இல்லன்னா மூடலாம்னு ரூல் சொல்லுது. நான் பேசிப் பாக்காம மூட மாட்டேன். நம்ம பொண்ணும்மா, தமிழ்ல கேட்டா மனசு விட்டுப் பேசும்," என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, சைல்டு சப்போர்ட் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்..."



"அங்கிள், நீங்களா? அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல அங்கிள். அவர் ப்ராஜெக்ட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தார். திரும்பி வந்துட்டார். கேஸ க்ளோஸ் பண்ணிடுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா! குட்டி எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கா அங்கிள்."

அங்கிளின் முகம் மலர்ந்துவிட்டது. கணவர் திரும்பிவிட்டார் என்று வகுப்புக்கு அறிவித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். போனை வைக்கும் வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே, லைன் அப்படியே இருந்தது. தமிழில் ஒரு வார்த்தை தெரியாத பிரெண்டா எழுந்து வந்து, "பின்னால் குழந்தை இருமுகிற இருமல் யாருக்கும் கேட்கவில்லையா?" என்று சொல்லி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துக்கொண்டாள்.

அவள் அதிகம் பேசவில்லை. அந்தப் பெண் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்ததும் எங்கள் இருவரையும் தனியே அழைத்துப்போனாள். கணவன் திரும்பவே இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. குழந்தை நெஞ்சுச் சளியோடு கிடக்கிறது, டாக்டரிடம் போக இன்சூரன்ஸ் இல்லை.

"பிறகு ஏன் என்னிடம் அப்படிச் சொன்னாள்?" என்று அங்கிள் கேட்டார்.

பிரெண்டா தயங்கினாள். "உங்கள் சர்ச்சுக்குத்தான் வருகிறாளாம். கணவன் ப்ராஜெக்ட்டில் இருக்கிறார் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். உங்கள் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டாள்."

அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, நான் தமிழ்ல கேட்டதாலதான பொய் சொல்லிச்சு. கையெழுத்துப் போட்டிருந்தா அந்தப் புள்ள கதி என்ன?" என்றார். மானம் என்ற ஒன்றை விமானம் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறோமே என்று எங்கள் எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது.

கேஸ் பிரெண்டாவிடம் போனது. அந்த ஆளை டெக்சாஸில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் பிடித்தார்கள். சில மாதம் பணம் வந்தது. பிறகு வேலையை மாற்றிக்கொண்டு மறுபடி மறைந்தான். பிரெண்டா மறுபடி தேட ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் எங்கள் சர்ச்சின் மாதாந்திரத் தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அதை முதலில் கவனித்தவர் அங்கிள்தான். இனி தான் அங்கே வரப்போவதில்லை என்று பிரெண்டா மூலம் அவளுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, போலந்துக்காரர்கள் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தார்.

"அங்க பேசறது புரியுதா அங்கிள்?"

"ஒரு எழவும் புரியல. எப்ப எந்திரிக்கணும், எப்ப உக்காரணும்னுகூடத் தெரியல. அந்தப் புள்ளைக்கு நாலு மனுஷங்க வேணும்மா. எனக்கு என்ன, எங்க வேணும்னாலும் முட்டி போட்டுக்கலாம்."

கிறிஸ்துமஸ் பூசைக்கு அவள் மகளோடு வந்தாள். இத்தனை வருடமும் எங்கள் பாடற்குழுவில் எல்லோருடைய சுருதியையும் தனி ஆளாகக் கெடுத்துவந்தவர் அங்கிள். அவர் இல்லாத அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிறிஸ்துமஸ் பாட்டு சுருதி பிசகாமல் ஒலித்தது. எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.