தலைகழட்டி

சித்தூர் ஜில்லாவில் தலைகழட்டி அளவுக்குத் தலைகளைக் கழற்றிய ஆள் இன்னொருவர் பிறக்கவில்லை. காலை டீக்கு முன்னால் நாலைந்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஏழெட்டு. இத்தனைக்கும் அவர்மேல் ஒரு போலீஸ் கேஸ்கூடக் கிடையாது.

சித்தூருக்கு வெளியே, நான் கணக்கெழுதும் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் அவர் ஸ்டோர் கீப்பராக இருந்தார். நகரிப் பக்கத்துக்காரர். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கட்டைகளைக் கோர்த்துக் கோர்த்து வீடு கட்டுகிற பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் இருக்கிறதே, அதோடு கட்டைவிரல் உயரத்துக்குக் குட்டி மனிதர்கள் வருவார்கள். அந்தக் குட்டி மனிதர்களைச் சேர்ப்பதுதான் அவர் வாழ்க்கை. வெறுமனே சேர்த்தால் போதாது. ஒருவன் தலையைக் கழற்றி இன்னொருவன் உடம்பில் மாட்டுவார். முடியைப் பிடுங்கி வேறு முடி வைப்பார். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு மூஞ்சியைத் துடைத்துவிட்டு, ஊசிமுனையில் பெயிண்ட் எடுத்துப் புது மூஞ்சி எழுதுவார். ஒண்டிக்கட்டை மனிதர் மாதாமாதம் நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்குவதைப் பற்றி ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர் என்ன நினைத்தாரோ, தெரியாது.

நேரில் எல்லோரும் அவரை 'ஸ்டோர் சார்' என்போம். முதுகுக்குப் பின்னால் தலைகழட்டி. அது அவருக்கும் தெரியும்.

"பொய்யா சொல்றானுங்க நைனா? கழட்டறேன் இல்ல?" என்பார் என்னிடம்.

கல்யாணம் ஆகாததற்கும் பொம்மைதான் காரணம் என்று கேள்வி. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்ணின் அப்பா, அலமாரியில் இருந்த ஒன்றை ஆசையாக எடுத்திருக்கிறார். உடம்பு அலமாரியிலேயே நின்றுவிட்டது, தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. "பரவால்ல மாமா, அது அப்டித்தான் வரும்" என்று இவர் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் யாரோ ஒரு கலெக்டரிடம் (ஜில்லா கலெக்டர் இல்லை, இவரைப் போன்ற பொம்மை கலெக்டர்) மாற்றிக்கொள்வதற்காக ஒரு டிபன் பாக்ஸ் நிறையத் தலைகளை எடுத்துக்கொண்டு போனார். போன கையோடு திருச்சானூர் அம்மனையும் சேவித்துவிடலாம் என்று வரிசையில் நின்றார், நானும் கூட நின்றேன். பையைச் சோதித்த காவலாளி டிபன் பாக்ஸைத் திறந்தார். அத்தனை தலைகளும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"ஏமண்டி இவி? என்ன இதெல்லாம்?"

"தலகாயலு சார்."

"உடம்பெல்லாம்?"

"உடம்பு வீட்ல கீது சார். வேற டப்பாவுல."

அம்மனை அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. தலைகளோடு வெளியே உட்கார்ந்து, கூட வந்த என்னை மட்டும் உள்ளே அனுப்பினார்.

ஃபாக்டரி ஆட்களைப் பொம்மையாகச் செய்ய ஆரம்பித்தது கேன்டீன் முனியம்மாவில் இருந்துதான். சேலை, குங்குமம், கையில் கரண்டி எல்லாம் சரியாக வந்திருந்தது. முனியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், நான் இம்மாம் குண்டாவா கீறேன்?"

"எல்லாருக்கும் அதே சைஸுதாம்மா. கம்பெனி சைஸு."

"கால எங்க காணோம்?"

"பொடவைக்குள்ள கீது."

அதன் பிறகு ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். வாட்ச்மேன் கேட்டார், மெக்கானிக் கேட்டார். பாய்லர் பார்க்கும் ஏழுமலை, "எனக்கு சிரிச்ச மூஞ்சியா வெய்யி சார். உள்ள வேக்காட்டுல எப்பவும் கடுப்பாவே கீறேன்" என்று கேட்டு வாங்கினான். தோளில் சிவப்புத் துண்டோடு சிரிக்கிற அந்தப் பொம்மையை வீட்டில் டிவி மேல் வைத்திருந்தான்.

பாய்லரில் ஆவி போகிற பெரிய குழாயில் ஒரு வால்வு. அது கசிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏழுமலை அதில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். சாக்கு காய்ந்ததும் அவிழ்த்து வேறு ஈரச் சாக்கு கட்டுவான். ஓனரிடம் அவனும் சொன்னான், தலைகழட்டியும் சொன்னார். "சீசன் முடியட்டும்" என்றார் ஓனர். தோத்தாபுரி மாம்பழம் லோடு லோடாக வந்து வாசலில் வரிசை கட்டி நிற்கும் நேரம். பாய்லரை ஒரு பொழுது நிறுத்தினாலும் பழம் அழுகும்.

ஏழுமலை சாக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது வால்வு தெறித்தது. சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். உள்ளே வெள்ளையாக ஆவியைத் தவிர எதுவும் தெரியவில்லை. அதற்குள் இருந்து அவன் தானே நடந்து வெளியே வந்தான். நடந்து வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "தண்ணி ஊத்துங்கண்ணா" என்றான். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காட்பாடி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

பழைய வால்வைத் தட்டி, பற்றவைத்து, மறுபடியும் சாக்கு சுற்றினார்கள்.

யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மெக்கானிக் வண்டியில் இருந்து விழுந்து கால் முறிந்தது, வாட்ச்மேனுக்கு மஞ்சள் காமாலை, இப்போது ஏழுமலை. மூன்று பேருக்கும் தலைகழட்டி பொம்மை செய்து கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டதும் ஓனர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. "நேனு அப்புடே அனுக்குன்னா, அப்பவே நெனச்சேன். அந்தப் பொம்மைதான்யா காரணம்" என்று எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். புது வால்வுக்குப் பதிலாக ஒரு பூசணிக்காய் வந்தது. பூசாரி அதைப் பாய்லருக்குச் சுற்றி வாசலில் உடைத்தார்.

ஜனங்கள் பொம்மைகளைக் கொண்டுபோய் மாங்கொட்டைக் குவியலில் வீசினார்கள். முனியம்மா மட்டும் வீசவில்லை. "எனக்கு சக்கர, பிரஷரு எல்லாம் முன்னியே கீது. இது புதுசா இன்னா பண்ணிடப் போவுது?" என்று அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். தலைகழட்டி சாயந்திரம் வேட்டியை மடித்துக் கட்டி, ஈ மொய்க்கும் கொட்டைக் குவியலில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். குழாயடியில் உட்கார்ந்து கழுவினார். அவரோடு யாரும் பேசவில்லை. அவர் டீ கிளாஸைக்கூட யாரும் தொடவில்லை.

ஏழுமலையின் கருமாதிக்கு அவரும் நானும் போனோம். பந்தலில் இவர் உட்கார்ந்ததும் பக்கத்து வரிசை காலியானது. ஏழுமலையின் சம்சாரம் செல்வி உள்ளே போய், துணியில் சுற்றிய பொம்மையை எடுத்து வந்தாள்.

"நீயே வெச்சிக்கண்ணா. வூட்ல கீறவங்க எல்லாம் பயப்படறாங்க. தூக்கிப் போடச் சொல்றாங்க. எனக்குக் கை வரல."

"நீ பயப்படறியாம்மா?"

"அவரு எதால செத்தாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "தெனம் ராவுல வேல முடிஞ்சி வந்து அந்த வால்வப் பத்தித்தான் பொலம்புவாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பொம்மையைத் துணியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மறு வாரம் ஓனர் எங்கள் எல்லோரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். வேலை தாமதமாகிறது, வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். தலைகழட்டி சட்டைப் பையில் இருந்து ஒரு பொம்மையை எடுத்து ஓனரின் மேஜைமேல், அவர் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடி, நெற்றியில் நாமம், வாரிவிட்ட கறுப்பு முடி. சிரித்த முகம்.

ஓனர் குனிந்து பார்த்தார். "இதி... நேனா?"

"நீங்கதான் சார்."

"எனக்கு எதுக்குய்யா பண்ணே?"

"ஏழுமலை பொம்மையால செத்தான்னு நீங்கதான் சார் சொல்லிக்கினு கீறீங்க. அப்டின்னா இனிமே உங்களுக்கும் ஆபத்து. பொம்மையால இல்லன்னா, அது வால்வால. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

ஓனர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"தீசுகெள்ளு. எடுத்துக்கினு போய்யா!"

"நான் எடுக்க மாட்டேன் சார். நீங்களே எடுத்துக் குப்பையில போடுங்க."

ஓனர் கை நீட்டினார். பொம்மைக்கு அரை சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. அத்தனை பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கை திரும்பிப் போய்விட்டது.

அன்று மத்தியானமே ஓனரின் கார் திருமலைக்குக் கிளம்பியது. ஆனால் மனிதர் விவரமானவர், இரண்டு பக்கமும் பந்தயம் கட்டிவிட்டுத்தான் போனார். கார் கேட்டைத் தாண்டுவதற்கு முன் கண்ணாடியை இறக்கி, "பாய்லரை நிறுத்துங்க. அந்த வால்வை மாத்துங்க, புதுசு போடுங்க" என்று கத்தினார். அவர் திரும்பி வருவதற்குள் புது வால்வு ஏறிவிட்டது.

ஓனர் மொட்டையும் சந்தனமுமாக வந்து சீட்டில் உட்கார்ந்தார். பொம்மை இன்னும் மேஜையில்தான் நின்றுகொண்டிருந்தது. கூட்டிப் பெருக்குகிறவள்கூட அதைத் தொடவில்லை. தலைகழட்டி உள்ளே போனார், ஓனரை ஒரு தடவை பார்த்தார், பொம்மையை ஒரு தடவை பார்த்தார். மரியாதையாக அதன் முடியைக் கழற்றினார்.

அங்கேதான் வினை. இந்தப் பொம்மைகளில் சிலதுக்குத் தலையின் பின்பக்கத்தில் இன்னொரு மூஞ்சி இருக்கும். முடி அதை மறைத்திருக்கும். முடி வந்த இழுப்பில் தலையும் சுழன்று, பின்னால் இருந்த மூஞ்சி ஓனர் பக்கமாகப் பார்த்தது. கண் பிதுங்கி, பல் கிட்டித்து, பயத்தில் உறைந்த மூஞ்சி.

வால்வை மாற்றின அதே வாரத்தில் ஸ்டோர் கீப்பரையும் மாற்றினார்கள்.

அவர் போன அன்று கேட்டில் யாரும் வந்து நிற்கவில்லை. முனியம்மா மட்டும் கேன்டீன் ஜன்னலில் இருந்து கத்தினாள்: "சார், வெறும் வயித்தோட பஸ் ஏறாத. துன்னுட்டுப் போ!" அவர் உட்கார்ந்து நிதானமாக இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறார். "ஜாலியான வேல நைனா. வர்றவன்லாம் முடியோட வர்றான், மொட்டையாப் போறான். அடையாளம் தெரியாம சாவியக் குடுக்கறதுக்குள்ள உயிரு போவுது" என்கிறார். செல்வி எங்கள் ஃபாக்டரியில்தான் பழம் தரம் பிரிக்கிறாள். பாய்லர் ரூம் பக்கம் மட்டும் வருவதில்லை, சுற்றிக்கொண்டு போவாள்.

ஒவ்வொரு சீசனும் பாய்லர் மூட்டிய மறுநாள் தலைகழட்டியிடம் இருந்து போன் வரும். நலமா என்று கேட்க மாட்டார். "அந்த வால்வு எப்டி கீது நைனா?" என்பார்.

வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. என் சீட்டில் இருந்தபடியே ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் சொல்வதில்லை. "இருங்க சார், நேர்ல போய்ப் பாத்துச் சொல்றேன்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே பாய்லர் ரூமுக்கு நடக்கிறேன். அத்தனை தூரமும் அவர் பேசிக்கொண்டே வருவார். வர வர நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறேன்.