ராகு காலத்தில் மகளை ஒப்படைக்கப் போனேன்

பதற்றப்படுவதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. பத்து மணி ரயிலுக்கு எட்டு மணிக்கே எழும்பூர் போய், "ரயில் கிளம்பிடுச்சா?" என்று போர்ட்டரிடம் கேட்டுத் திட்டு வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன் கையில் நேரம் குறித்த கோர்ட் உத்தரவு ஒன்றைக் கொடுத்தார்கள்.

நானும் சுதாவும் பிரிந்தபோது எங்கள் மகள் வர்ஷாவுக்கு ஐந்து வயது. அவள் அம்மாவோடு மயிலாப்பூரில், தாத்தா வீட்டில் இருந்தாள். நான் ஆதம்பாக்கத்தில் தனியாக இருந்தேன். ஒரு வருஷம் கழித்து உத்தரவு வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அழைத்துப் போகலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தால் தொடரும். சொதப்பினால், பழையபடி கோர்ட்டில் குழந்தைகள் அறை. வாரம் ஒரு மணி நேரம், உடைந்த பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு நடுவே. அந்த அறையில் அவள் என்னைப் பார்க்கவந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பாள். திரும்ப அங்கே போனால் செத்தே போய்விடுவேன் என்று தோன்றியது.

"ஒரு நிமிஷம் லேட்டானாலும் அவங்க தரப்புல கோர்ட்டுக்கு எழுதிடுவாங்க சார். எல்லாத்துக்கும் சாட்சி வெச்சுக்குங்க" என்றார் என் வக்கீல். (எல்லாக் கட்சிக்காரரிடமும் சொல்வதுதான். நான்தான் அதை மந்திர உபதேசமாக எடுத்துக்கொண்டேன்.)

முதல் சனிக்கிழமை ஒன்பதே காலுக்கே கேட் முன்னால் ஆஜர். பத்து மணிக்கு முதல் மாடி பால்கனியில் மாமனார் வந்தார். (மாஜி மாமனார்தான். ஆனால் அவரும் 'மாப்ளே'யை விடவில்லை, நானும் 'மாமா'வை விடவில்லை.)

"மாப்ளே, பத்தரை வரைக்கும் ராகு காலம். குழந்தையைப் படி தாண்ட விடமாட்டேன்."

எங்கள் காதல் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது, அதுவும் சுத்தமான ராகு காலத்தில். நாங்கள் பிரிந்ததற்கு அது ஒன்றுதான் காரணம் என்பது அவர் கட்சி. எனக்கும் சுதாவுக்கும் வேறு காரணங்கள் தெரியும், ஆனால் எங்களை யார் கேட்டார்கள்? அரை மணி நேரம் தெருவில் நின்று பல்லைக் கடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் வர்ஷா மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்கு, "கெளம்பு கெளம்பு, லேட்டாயிடும்!" என்று அவளை அள்ளிக்கொண்டு ஓடினேன். நாலே காலுக்கு மயிலாப்பூர். அப்புறம் நாற்பது நிமிஷம் மாட வீதிகளை ஸ்கூட்டரில் சுற்றினோம். "அப்பா, நாம ஏம்ப்பா சுத்திண்டே இருக்கோம்?" என்று குழந்தை கேட்டதும் இன்னொரு சுற்று போனேன்.

நாலு ஐம்பத்தொன்பதுக்கு அழைப்பு மணியை அழுத்தினேன். பால்கனியில் அதே தலை.

"நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம் மாப்ளே! ஆறு மணிக்கு வாங்கோ!" கதவு சாத்தப்பட்டது.

சதி! ஆறு மணிக்கு வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் லேட் என்று எழுதப்போகிறார்கள்! கேட்டைப் பிடித்து உலுக்கினேன். "ஆர்டர்ல அஞ்சு மணின்னு இருக்கு மாமா! குழந்தையை வாங்கிக்குங்க!" யாரும் வரவில்லை. உடனே வக்கீல் சொன்ன சாட்சி ஞாபகம் வந்தது. வர்ஷாவின் டிராயிங் நோட்டிலிருந்து, அவள் யானை வரைந்திருந்த தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் "மாலை 5.02க்குக் குழந்தையுடன் வாசலில் நிற்கிறேன்" என்று எழுதி, எதிரே இஸ்திரி போடுபவரிடம் நீட்டினேன்.

"இன்னா சார் இது? வூட்ட எழுதி வாங்கறியா?"

"நான் இங்க நிக்கறேன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"நிக்கறதுதான் தெரியுதே சார், அதுக்கு இன்னாத்துக்கு கையெழுத்து?"

பக்கத்தில் பூக்கட்டும் அம்மாள், "நான் கைநாட்டுதான் வெப்பேன். மை கீதா?" என்றாள். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து, பைக்கில் போன போலீஸ்காரர் ஒருவர் இறங்கினார். அழுக்குச் சட்டை, பேன்ட் முழுக்க மணல், கையில் காகிதம், பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் பெண் குழந்தை. அவர் குனிந்து வர்ஷாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, இவரு யாரும்மா?"

வர்ஷா கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த யானைக் காகிதத்தைப் பார்த்தாள்.

"தெரியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போலீஸ்காரர் முதல் வேலையாக என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினார். கோர்ட் உத்தரவை நீட்டினேன்.

"ஓ, பிரிஞ்சிருக்கீங்க. அதான் குழந்தையைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"ஐயோ, குடுக்க வந்திருக்கேன் சார்! வாங்க மாட்டேங்கறாங்க!"

அப்போதுதான் சுதா பால்கனிக்கு வந்தாள். தலை நிறைய மருதாணி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர்.

"சார், அவர் அவளோட அப்பாதான்! பதட்டத்துல இப்படித்தான் ஏதாவது பண்ணி வெப்பார். ஆனா பொண்ணை நன்னா பாத்துப்பார், விடுங்கோ!"

கோர்ட்டில் ஒரு வருஷமாக எனக்காக யாரும் சொல்லாத வார்த்தை. அதற்குத்தான் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

"ஆறு மணி வரைக்கும் ஓரமா உக்காருங்க. யாரையும் கையெழுத்து கேக்காதீங்க" என்று சாவியைத் தந்துவிட்டுப் போலீஸ்காரர் போனார். இஸ்திரிக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏண்டா தெரியாதுன்னு சொன்னே?"

"நீ கத்தினே. வெக்கமா இருந்துது."

கொஞ்ச நேரத்தில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். அவள் தலைமுடியிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் வாட்சைப் பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவில் சுதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், மருதாணி உட்பட. தொலைந்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். மத்தியஸ்தம் செய்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். "சனிக்கிழமை பத்தரை, ஞாயித்துக்கிழமை ஆறுன்னு மாத்திடுங்கோ மேடம். எங்கப்பா திருந்த மாட்டார், இவரும் திருந்த மாட்டார்" என்றாள் சுதா. அப்படியே எழுதினார்கள். ராகுவின் தயவில் எனக்கு வாரத்துக்கு அரை மணி நேரம் லாபம்.

இப்போது வர்ஷாவுக்குப் பதினான்கு. தி.நகர் கடைகளில் நான் குரலை உயர்த்தினால், "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குள் போய்விடுவாள். மாமனார் இந்தக் கதையைக் கல்யாணப் பந்திகளில் நடித்தே காட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குப் பழக்க தோஷத்தில், அவளைக் கொண்டுபோய் விட ஹெல்மெட்டை எடுத்தேன். சோபாவில் படுத்திருந்தவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, ராகு காலம்" என்றாள். சாமி, ஜோசியம் எதையும் நம்பாத பெண் அவள். உட்கார்ந்துவிட்டேன். ஆறு அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும், "முடிஞ்சுதுடா, கிளம்பலாமா?" என்றேன்.

"உன் வாட்ச் ஃபாஸ்ட்டுப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.