ஒன்பது கொழுவும் கிழட்டு மாப்பிள்ளையும்

அன்று பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனவர்கள்: நான். என் மனைவி. அவளுடைய அக்கா பூமணி. மாமனார் விட்டுப் போன சாம்பல் நிறச் சின்ன உழவு மெசின். அதன் பின்சில்லு மட்காட்டில் குந்தியிருந்த பொருத்தக்காரர்.

கலப்பை விசயத்தில் அவரைப் போல ஒரு விசரன் வாவியின் எழுவான்கரையிலும் இல்லை, படுவான்கரையிலும் இல்லை. மாங்கேணிக்காரர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. மெசினுக்குக் கலப்பை பார்ப்பது அவருக்குக் கலியாணம் பேசுகிற மாதிரி. மெசின் மாப்பிள்ளை, கலப்பை பெண். வெற்றிலைத் தட்டு வைக்காவிட்டால் வாய் திறக்கமாட்டார். நடுவில் வேறு கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார்.

சுனாமியில் கடல் வந்தபோது அவருடைய வீடும் போனது, வீட்டுக்காரியும் போனாள். அதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மணலில் புதைந்த மெசின்களைத் தோண்டி எடுத்து ஓட வைத்தார் என்று ஊர் சொல்லும். ஒரு மெசினுக்குள் இருந்து உயிரோடு நண்டு வந்ததாம். அதைப் பிடித்து வைத்து, "கலப்பை எங்க?" என்று கேட்டாராம்.

நாங்கள் சண்டையில் ஓடி, முகாமில் கிடந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஊருக்குத் திரும்பியிருந்தோம். மெசின் மரத்தடியில் நின்றது. சீற் இல்லை. கலப்பை இல்லை. பூமணிக்கு இப்போது புருசனும் இல்லை. வயல் மூன்று ஏக்கர், அக்கா தங்கை இருவரின் சீதனம். உழாமல் கிடந்த மண் தார் றோட்டு மாதிரி. நிவாரணமாக விதைநெல் ஒரு போகத்துக்குத்தான் தந்தார்கள். மழைக்கு முன் உழாவிட்டால் அதை அவித்துத் தின்ன வேண்டியதுதான்.

உதவிக்காரர்கள் மைதானத்தில் கலப்பைகளைக் குவித்திருந்தார்கள். மெசின் உள்ள வீட்டுக்கு ஒன்று. கையெழுத்து வைத்தால் பிறகு மாற்ற ஏலாது. எல்லோரும் நடந்து போய்ப் பார்த்தார்கள். பொருத்தக்காரர் மட்டும் மெசினையும் கொண்டுபோக வேண்டும் என்று நின்றார்.

பூமணி பாய்ந்தாள். "ரெண்டு கட்டைத் தூரத்துக்கு எண்ணெய் எரிக்கிறதா? கலப்பைய இஞ்ச கொண்டு வந்து பாத்தா என்ன?"

"எந்த ஊருல புள்ள பொண்ணு மாப்புள வீட்ட போன? நம்மட ஊருல மாப்புளதான் பொண் வீட்ட போவான்," என்றார் பொருத்தக்காரர்.

எங்கள் பக்கம் அப்படித்தான். கலியாணம் முடித்தால் மனைவி வீட்டில்தான் இருப்பு. நானும் அப்படி வந்தவன். மெசினைக் கிளப்பி ஓட்டினேன்.

மைதானத்தில் சிவப்பு ரொட்டவேட்டர் ஒன்று மின்னியது. மனைவி அதைத் தடவிப் பார்த்தாள். "இத எடுப்பம். மண்ண மாப்போல அரைக்குமாம்."

"இவள் குமரி, ஆட்டக்காரி. மாப்புள கிழவன். ஒரு சுத்துல மூச்சு நிக்கும்," என்றார் பொருத்தக்காரர்.

பூட்டிப் பார்த்தோம். மெசின் மூன்று தரம் இருமியது. நின்றது.

எனக்குச் சட்டிக் கலப்பையில் ஆசை. பெரிய வட்டத் தகடுகள், நல்ல கனம். பூட்டிவிட்டுத் தூக்குகிற கம்பியை இழுத்தேன். கலப்பை எழும்பவில்லை. மெசினின் முன் சில்லுகள் எழும்பின. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு தொங்கினேன்.

"தம்பி, எங்க போறாய்? சொல்லிற்றுப் போ!" என்று பூமணி கத்தினாள். முகாமுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கண்டேன்.

"பொண்ணு மாப்புளையத் தூக்குறாள். வேணாம்," என்றார் பொருத்தக்காரர். அவர் சிரிக்கவில்லை.

புல்லுக்குள் ஒரு பழைய கலப்பை கிடந்தது. மண்ணைக் கிழிக்கிற கொழு ஒன்பது, இரண்டு வரிசையில். ஒருவரும் தொடாதது. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இவதான்," என்றார்.

"துருப்புடிச்சவ," என்றாள் பூமணி.

"நாம மட்டும் என்ன, வெள்ளியா புள்ள?"

பூட்டித் தூக்கினேன். முன் சில்லு அசையவில்லை. கையெழுத்தும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மடியில் இருந்து நட்டுக் கழற்றும் சாவியை எடுத்து, நாலு கொழுவைக் கழற்றினார்.

"ஒன்பதத் தந்தாங்க, ஏன் அஞ்சாக்குறீங்க?" என்றேன்.

"காஞ்ச மண்ணு மனே. கிழவனுக்கு அஞ்சுதான் இழுபடும். ஒரு போகம் போகட்டும். மறுகா நானே கொண்டு வந்து பூட்டுவன்."

நாலையும் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"கள்ளன். பழைய இரும்புக்கு விக்கப் போறான்," என்றாள் பூமணி.

ஐந்து கொழுவோடு நெடுக்காக உழுதேன். பிறகு குறுக்காக. ஆறு நாள். மெசின் ஒரு தரமும் நிற்கவில்லை. பக்கத்து வயல்காரரிடமும் அதே அளவு மெசின். நடந்து போய்ச் சட்டிக் கலப்பை எடுத்தவர். முன்பக்கம் பாரத்துக்கு இரண்டு மச்சான்மாரை ஏற்றி வைத்து உழுதார். அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு அவரோடு கதைப்பதில்லை.

ஏழாம் நாள் மழை. விதைத்தோம். விளைந்தது.

புதிரிசிச் சோற்றுக்குப் பொருத்தக்காரர் வந்தார். சாக்கு இல்லை.

"எங்க எங்கட நாலு கொழு?" என்றாள் பூமணி, சோற்றைப் போட்டபடி.

"பத்திரமா இரிக்கி."

"ஆருக்குத் தெரியும்?"

"வந்து பாருங்க."

"நான் ஏன் வாறது?" என்றாள். ஆனால் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். பிறகு சித்திரை வருசத்துக்கு வந்தார். அப்போதும் சாக்கு இல்லை. அதே சண்டை. அவள் பலகாரம் கட்டிக் கொடுத்தாள்.

வைகாசியோடு வடக்கிலும் சண்டை முடிந்தது. ஒரு நாள் பூமணி அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். "தம்பி, அந்த மனிசனுக்குச் சொல்லி அனுப்பு. மாப்புளதானே பொண் வீட்ட வரணும்? வரச் சொல்லு."

ஆவணியில் வந்தார். போட்டிருந்தது புதுச் சேட்டு. கூட ஒரு சொந்தமும் இல்லை. தோளில் சாக்கு. பூமணியின் காலடியில் இறக்கி வைத்தார். உடுப்பு என்று நினைத்து நான் அவிழ்த்தேன். தேங்காயெண்ணெய் பூசி, ஒவ்வொன்றாகச் சீலையில் சுற்றிய கொழு.

எண்ணிப் பார்த்தேன். நாலு.