ஃப்ரேமுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

கணவன் என்று பிறந்தவன் ஆயுளில் ஒருமுறையாவது "முடியாது" என்று சொல்லிவிட வேண்டும். நானும் சொன்னேன். குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, சத்தமாகவே சொன்னேன்.

தொட்டியில் கிடந்தது என் ஃப்ரேம். 1987-ல் செய்த மலை சைக்கிளின் எஃகு ஃப்ரேம். துரு போக வினிகரில் ஊறிக்கொண்டிருந்தது. பதினேழு வயதில் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் பார்த்து ஏங்கிய அதே ரகம். ஜெர்மனியில் எங்கள் மூன்ஸ்டர் நகரில் மலையே கிடையாது. கால்வாய்ப் பாலம்தான் எங்களுக்கு இமயம். இருந்தால் என்ன? ஆசைக்கு மேடு பள்ளம் தெரியுமா?

"ஃபோல்க்மார், ஊறுகாய் போட வீட்டுல ஆறு ஜாடி இருக்கு. குளிக்க ஒரு தொட்டிதான் இருக்கு," என்றாள் என் மனைவி கெசீனே. "மூணு நாளா பக்கத்து வீட்டுல போய்க் குளிச்சுட்டு வரேன். துரு போனதும் இணையத்துல போட்டு வித்துடு."

"முடியாது!"

"சரி, நானே போடறேன். 'பழைய இரும்பு, இலவசம்'னு."

"ஐயோ வேண்டாம், நான் போடறேன்!"

என் "முடியாது"வின் ஆயுள் நாலு விநாடி.

ஆனால் மூளை என்று ஒன்று எனக்கும் இருக்கிறதே! யாரும் வாங்காதபடி விளம்பரம் எழுதினேன். விலை ஆயிரத்து நானூறு யூரோ. பேரம் கிடையாது. அனுப்ப மாட்டேன், வந்துதான் எடுக்க வேண்டும். பதினோரு கீறல், ஒரு நசுங்கல், மங்கிய பெயின்ட் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் பிடித்துப் போட்டேன். ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஓடித்தான் வந்தார்கள். பழைய சைக்கிள் பிரியர்களுக்குக் கீறல்தான் அழகாம்! 'அசல் பெயின்ட்! நேர்மையான மனிதர்!' என்று ஒரே நாளில் முப்பத்தெட்டுக் கடிதம். 'வணக்கம்' சொல்லாதவனை மரியாதை தெரியாதவன் என்று விரட்டினேன். சொன்னவனைக் குழைகிறான் என்று விரட்டினேன்.

மறுநாள் கெசீனே கைபேசியோடு வந்தாள்.

"இது யார் கணக்கு?"

"உன்னுதுதான்."

"பழைய கோட்டு, பூச்சாடி எல்லாம் வித்து 'மிக நட்பானவர்'னு பேர் வாங்கி வெச்சிருக்கேன். நீ ஒருத்தருக்கு 'உன் மூஞ்சிக்கு மூணு சக்கர வண்டி போதும்'னு எழுதியிருக்கே!"

"கெசீனே, இது பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரி. யாருக்கு வேணா தர முடியுமா? நான் மூணு கேள்வி கேப்பேன். மூணுக்கும் சரியா சொல்றவனுக்குத்தான் தருவேன்."

"சரியா சொன்னா தருவியா?"

"சத்தியமா!"

"சரி," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஹென்னிங் என்று ஒருவர் வேனில் வந்தார். சோபாவில் உட்கார வைத்தேன்.

"எந்த வருஷத்து ஃப்ரேம்?"

"எண்பத்தேழு. அடியில இருக்கற நம்பரைப் பார்த்தாலே தெரியுமே."

"பின் பிரேக் ஏன் கீழே இருக்கு?"

"அப்போ ரெண்டு மூணு வருஷம் எல்லாரும் கூடிச் செஞ்ச தப்புங்க. சேறெல்லாம் அங்கதான் போய் அடைச்சுக்கும்."

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "புதுசா பெயின்ட் அடிப்பீங்களா?"

"சுருக்கம் விழுந்துடுச்சுன்னு மாமியார் மூஞ்சிக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?"

என் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படி நினைக்கிறேன் என்றிருந்தேன்! எழுந்து அவரைக் கட்டிக்கொண்டேன்.

"ஆனா என்கிட்ட அவ்வளவு பணம் இல்லீங்க," என்றார். "ரெண்டு பேர் மிதிக்கற சைக்கிள் ஒண்ணு வேன்ல இருக்கு. அதை வேணா..."

"பணமா பெருசு? எடுத்துட்டுப் போங்க!"

அவர் அந்த இரட்டைச் சைக்கிளை வாசலில் இறக்கினார். ஃப்ரேமைப் போர்வையில் சுற்றி நானே வேனில் வைத்தேன். வேன் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்றேன்.

"நல்ல மனுஷன் கெசீனே. எல்லாம் தெரிஞ்சவர்."

"தெரியாம? மூணு நாளா ஃபோன்ல சொல்லிக் குடுத்தேனே! நேத்து ராத்திரி ஒப்பிக்கவும் வெச்சேன்."

"நீயா? உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா சாப்பாட்டு மேசையில நீ வேற என்ன பேசினே? எங்கம்மா மூஞ்சியைப் பத்திச் சொன்னதை மட்டும் நான் மறந்துடுவேனா?"

அவள் அதற்குள் தலைக்கவசம் மாட்டி, புதுச் சைக்கிளின் முன் இருக்கையில் ஏறியிருந்தாள்.

"பின்னாடி ஏறு."

"பின்னாடி ஹேண்டில்பார் திரும்பாதே?"

"திரும்பாது. பிரேக்கும் கிடையாது. நீ மிதிச்சா மட்டும் போதும்."

இருபத்திரண்டு வருட அனுபவம் இருந்ததால், ஏறி மிதித்தேன்.