ஒன்பதாயிரம் அடியில் ஓர் இடம்

வெர்லின் ஒரு சபதம் எடுத்திருந்தார். ஃபீனிக்ஸ் நகரில் பள்ளிக்கூடப் பேருந்தை முப்பத்தெட்டு வருஷம் ஒரே தடத்தில் ஓட்டி ஓய்ந்த கையோடு எடுத்த சபதம். இனி எங்கேயும் முன்பதிவு கிடையாது. எங்கேயும் ரெண்டு ராத்திரி தங்குவது கிடையாது.

படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டியின் முகப்பில் உயரம் காட்டும் கருவி ஒன்றை ஒட்டியிருந்தார். "ஆயிரம் அடி ஏறினா நாலு டிகிரி குறையும், நடீன். முள்ளு ஏறுற பக்கம் வண்டிய விட்டாப் போதும். குளிரு தானா வந்து கதவைத் தட்டும்."

"தட்டட்டும். நான் தொறக்கறேன்" என்றாள் மனைவி.

நடீன் எதிர்த்துப் பேசாமலே ஜெயிக்கிறவள். ஜனவரியில் ஒருநாள் நாடாவைக் கொண்டுவந்து அவர் மார்பளவு எடுத்தாள். ஸ்வெட்டர் வரும் என்று மனுஷன் ஜூன் வரைக்கும் காத்திருந்தார்.

அன்று வெயில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. தார்ச்சாலை தண்ணீராக மினுங்கியது. கள்ளிகள் அதில் முழங்கால் நனைய நின்றன. அடிவாரம் இல்லாத மலைகள் வானத்தில் சும்மா மிதந்தன. வண்டியின் ஏசி, பல் போன கிழவர் மாதிரி சூடாக ஊதியது. தான் ஓட்டுகிறோமா, மிதக்கிறோமா என்றே வெர்லினுக்குத் தெரியவில்லை.

சாலை பிரிகிற இடத்திலெல்லாம் நடீன் விசிறிக்கொண்டே, "இடது பக்கம் கொஞ்சம் ஏத்தமாத் தெரியலை?" என்பாள்.

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்பார்.

ஆறாயிரம் அடியில், இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாம் ஒன்று. 'இடமில்லை' என்று பலகை. ஏழாயிரத்து ஐந்நூறில் இன்னொன்று. அதே பலகை.

"பதிவு பண்ணியிருக்கலாமோ?"

"அதெல்லாம் பயந்தவன் வேலை."

"சரி, தைரியசாலி. இன்னிக்கு எடம் கெடைக்கலைன்னா உன் சபதத்தை மூட்டை கட்டிடணும்."

"கெடைச்சா?"

"கெடைச்ச எடத்தைப் பத்தி ஒரு குறையும் சொல்லக் கூடாது."

"இவ்வளவுதானே" என்றார்.

ஒன்பதாயிரம் அடியில் காற்று மாறியது. ஏரிக்கரை மரங்களின் இலைகள் தமக்குள் ஏதோ குசுகுசுத்தன. வாசலில் 'இடமில்லை'. வெர்லின் வண்டியைத் திருப்பப் போனார். நடீன் மட்டும் இறங்கிப் போய், வனக்காவலர் டார்லாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள்.

"ஒரே ஒரு எடம் இருக்காம். ஏரியை ஒட்டி. கரண்டு, தண்ணி எல்லாம் உண்டு. காசு வேண்டாமாம்."

"பாத்தியா? நான் என்ன சொன்னேன்?"

"நீதான் சொன்னே" என்று ஒப்புக்கொண்டாள்.

மரத்தடியில் நாற்காலி போட்டு, ஐஸ் போட்ட தேநீரோடு சாய்ந்தார். தன் பழைய பேருந்து, சக்கரம் இல்லாமல், தடம் இல்லாமல், ஏரிமேல் மெல்ல மிதந்து போவதாகக் கனவு வந்தது. கதவை யாரோ தட்டினார்கள்.

கண் விழித்தால், வேர்த்து வழிய ஒரு பெரியவர் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, ஏதாவது எடம் இருக்குமா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

பெரியவர் அவர் தலைக்கு மேலே காட்டினார். மரத்தில் ஒரு பலகை: 'முகாம் பொறுப்பாளர்கள், நடீன் – வெர்லின். ஜூன் முதல் செப்டம்பர் வரை.'

வண்டிக் கதவில் நடீன் நின்றாள். ஒரு கையில் மஞ்சள் அங்கி. மறு கையில் சாவிக்கொத்தும் கழிப்பறை பிரஷ்ஷும்.

"முகாமைப் பாத்துக்கிட்டா சீசன் முழுக்கச் சும்மாத் தங்கலாம். ஜனவரியிலயே எழுதிப் போட்டேன்."

"என் கையெழுத்து?"

"வருமானவரிப் பேப்பரோட வச்சேன். நீ எதைப் படிச்சுப் பாத்துப் போட்டிருக்கே?"

வெர்லின் வாயைத் திறந்தார். குறை சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார். அங்கியை மாட்டினார். மார்பளவு அச்சாகப் பொருந்தியது.

பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வெர்லின் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"முன்பதிவு பண்ணாம யாராச்சும் கெளம்புவாங்களா, ஐயா?"