கதிரை அண்ணையும் வாசுகியின் கஃபேயும்

ரொறொன்ரோவில் கதிரை அண்ணை குறை சொல்லாத கஃபே ஒன்று இருந்தால், அது இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஸ்காபரோவில் சோபா செய்யும் பக்டரியில் இருபது வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் மட்டும்தான் இருந்தது. பென்சன் எடுத்த பிறகு, வடிவான கஃபே எங்கே திறந்தாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். போனதும் கோப்பி கேட்க மாட்டார். இருக்கத் தந்த கதிரையைக் கவிழ்த்து, நாலு காலும் உறுதியா என்று பார்ப்பார்.

டவுன்ரவுனில் ஒரு கஃபே. சுவர், மேசை எல்லாம் பூசாத சீமெந்து. அண்ணை ஸ்டூலைக் கவிழ்த்து அதன் காலை ஆட்ட, கோப்பி போடும் பெண் பதறி ஓடி வந்தாள்.

“எவ்ரிதிங் ஓகே, சேர்?”

“நோ. திஸ் லெக், ரூ மந்த்ஸ் ஒன்லி.”

இரண்டு மாதம் எங்கே, மூன்று கிழமையிலேயே அது முறிந்துவிட்டதாம். பார்க்கவென்றே திரும்பப் போயிருக்கிறார் மனிதர்!

இன்னொரு பேக்கரியில் ஐந்தே ஐந்து குறோசோன். ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை, தனி லைற்.

“உதென்ன ஐசே, தின்னுறதோ கும்பிடுறதோ?” என்று கடை முழுக்கக் கேட்கக் கேட்டார். பிறகு ஒன்றை வாங்கிக் கண்ணை மூடிச் சாப்பிட்டு, சட்டையில் விழுந்த துகளையும் பொறுக்கி வாயில் போட்டு, “பரவாயில்லை” என்றார். அதற்கு மேல் அவரிடம் மெடல் கிடையாது.

இப்படிப்பட்டவரை என் தங்கை மகள் வாசுகியின் கடைக்குக் கூட்டிப்போக எனக்குப் பயம். டிசைன் படித்தவள், நல்ல வேலையை விட்டுவிட்டு வோபர்னில் கஃபே திறந்தாள். வெள்ளைச் சுவர், வளைந்த மரக் கதிரைகள், ஏலக்காய் பன். அந்தப் பன்னை நினைத்தால் இப்போதும் வாயூறும். ஆனால் கடைக்கு ஆள் வராமல் பிள்ளை இலையான் கலைத்துக்கொண்டிருந்தாள். நம் சனத்தின் பழக்கம் தெரியும்தானே? வாசலில் நாலு கார் நின்றால்தான் கடைக்குள் கால் வைப்பார்கள். வெறுமையாகக் கிடந்தால், ‘சாப்பாடு சரியில்லைப் போல’ என்று காரைத் திருப்பிவிடுவார்கள்.

“மாமா, இந்த மாசத்தோட மூடப்போறன். ஐ ட்ரைட் மை பெஸ்ட்” என்று அழுதாள்.

அடுத்த நாள், எங்கே கேள்விப்பட்டாரோ, நான் கூப்பிடாமலே அண்ணை அவள் கடையில் வந்து நின்றார். கதிரையைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், அதில் இருந்து பார்த்தார்.

“முதுகு முறியுது, பிள்ளை.”

அவள் முகம் செத்துப்போனது. அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது.

மறுநாள் காலை போனால், கண்ணாடிக்குப் பக்கத்தில், அதே கதிரையில் அண்ணை. எங்கள் பழைய பக்டரிக்காரர் நாலு பேர் தனித்தனி மேசையில். வாசலில் ஐந்து கார்!

“ஆளுக்கொரு காரில வரவேணும். ஒண்டா ஏறிவந்து காரியத்தைக் கெடுக்கிறேல்லை” என்று அவர்களுக்குக் கட்டளையாம். அஜக்ஸில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிற இரண்டு பேரும்கூட இரண்டு காரில் வந்திருந்தார்கள்.

“முதுகு முறியுது எண்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“ஓம், முறியுதுதான். அதுக்குப் பிள்ளை கடையை மூடுறதோ?”

ஆறு கிழமை, தினமும் இரண்டு மணித்தியாலம் இருந்தார். ஏலக்காய் வாசத்தை மீறி அவருடைய முதுகுத் தைலம் மணத்தது.

மெல்ல மெல்லக் கார்கள் பெருகின. ஒரு சனிக்கிழமை நான் உள்ளே இருக்க, அண்ணையின் கார் இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றியது. போன் எடுத்தேன்.

“அண்ணை, நில்லுங்கோ. நான் என்ரை காரை எடுக்கிறன்.”

“எடுக்காதையும்! அசையாமல் இரும். நான் வீட்டை போறன்.”

கார்க் கண்ணாடியை இறக்கி, நிரம்பிய கடையை ஒருமுறை பார்த்தார். முகமெல்லாம் பல். வாசுகி பன் பையோடு றோட்டுவரை ஓடினாள். மனிதர் நிற்கவில்லை.

இப்போதும் அந்தக் கடையில் இடமில்லை என்று யாராவது முணுமுணுத்தால், எனக்கு அண்ணையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருக்கும்.